திறக்காத ஈய அச்சு: நாகமரையில் ஒரு வீட்டுப் பட்டறையின் கதை

வலைக்கு ஈயக்குண்டு வார்க்கும் இரும்பு அச்சு ஒன்று. ஈயம் ஊற்றி இறுகின பிறகு அதன் இரண்டு பாதியும் பிரிய மாட்டேன் என்கிறது. சுத்தியலால் நாலு போடு போட்டால் பிரிகிறது, ஆனால் குண்டு ஏதாவது ஒரு பாதியில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, அதை ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பி எடுத்தால்தான் வருகிறது. நெம்பினதில் பாதி குண்டு நசுங்கிப் போய் மறுபடி சட்டிக்கே திரும்புகிறது. இதுதான் கேஸ்.

இடம் நாகமரை. பென்னாகரம் தாலுகா, மேட்டூர் அணையின் தண்ணீர் பின்னால் வந்து நிற்கிற பகுதி. அணை 120 அடி நிரம்பினால் ஊர் ஓரம் வரைக்கும் கடல் மாதிரி தண்ணீர், வற்றினால் பழைய மரக் கட்டையும் பாறையும் வெளியே தெரியும். அந்தக் கட்டையிலும் பாறையிலும்தான் வலை மாட்டும், அறுந்தால் குண்டு போச்சு. ஒரு வீச்சு வலைக்கே மூன்று நாலு கிலோ ஈயம் கோர்க்கிறார்கள், அதனால் மீன்பிடிக்கிற வீடுகளில் ஈயம் காய்ச்சுவது வருஷா வருஷம் நடக்கிற வேலை. என் மாமா வீடும் அப்படித்தான். தனக்கு வார்ப்பது போக அக்கம்பக்கத்துக்கும் வார்த்துக் கொடுக்கிறார். நான் ஓசூர் சிப்காட்டில் அலுமினியம் வார்க்கிற ஒரு கம்பெனியின் டூல் ரூமில் இருக்கிறேன், அச்சு ஒட்டிக்கொண்டால் என்ன, பிசிறு வந்தால் என்ன என்று பார்ப்பதுதான் அன்றாட வேலை. "மாப்ள, நீ ஓசூர்ல அச்சு பார்க்கறவன்தானே, இதுக்கு என்ன நோய்னு சொல்லு" என்று மாமா அதை எடுத்து என் மடியில் வைத்தார். சின்ன அச்சுதான், ஆனால் நோய் ஒன்றல்ல. அதனால்தான் முழுசாக எழுதுகிறேன்.

முதலில் அச்சு எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். உள்ளங்கை நீளத்தில் இரண்டு இரும்புப் பட்டைகள், ஒவ்வொன்றிலும் அரை நெல்லிக்காய் நீட்டிவிட்ட வடிவத்தில் ஐந்து குழி, ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக. இரண்டையும் சேர்த்தால் ஐந்து முழுக் குண்டு. குறடு மாதிரி கீல் வைத்து நீளக் கைப்பிடி, பிடியில் மரம். ஒரு பட்டையில் இரண்டு ஊசிமுளை, எதிர்ப் பட்டையில் அவை போய் உட்கார இரண்டு துளை. மேலே நீளவாக்கில் ஒரு வாய்க்கால், அதில் ஊற்றினால் ஐந்து குழிக்கும் ஈயம் இறங்கும். குண்டில் கயிறு கோர்க்க ஓட்டை வேண்டுமே, அதற்கு ஐந்து குழியையும் ஊடுருவிப் போகிற மாதிரி நடுவில் ஒரு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி. வார்த்த பிறகு கம்பியை உருவ வேண்டும், அச்சைத் திறக்க வேண்டும். எந்தப் பட்டறையில் செய்தது என்பது இங்கே தேவையில்லை, வேலை மோசமில்லை.

இதே மாதிரி கைப்பிடி அச்சில்தான் வெளிநாடுகளில் துப்பாக்கி சுடுகிறவர்கள் வீட்டிலேயே தோட்டா வார்க்கிறார்கள், அச்சைத் திறப்பது பற்றி அவர்கள் மத்தியில் ஏகப்பட்ட கைப்பக்குவம் உண்டு. இங்கே அது 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்துக்குள் போய்விடும், லைசென்ஸ் இல்லாமல் தோட்டா வார்த்தால் கம்பி எண்ண வேண்டியதுதான். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் காட்டோரத்தில் நாட்டுத் துப்பாக்கி சமாச்சாரம் எப்படிப்பட்டது என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் பேசுவது வலைக்குண்டு மட்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஈயம் 327 டிகிரியில் உருகுகிறது. இறுகும்போது பருமனில் மூன்றரை சதவீதம் வரைக்கும் சுருங்கும், இறுகின பிறகும் ஆற ஆறச் சுருங்கிக்கொண்டே போகும். இரும்பைவிட ஈயம் இரண்டு மடங்குக்கு மேல் சுருங்குகிற உலோகம். அப்படியென்றால் குழிக்குள் இருக்கிற குண்டு சுவரைவிட்டு உள்பக்கமாக விலகிப் போக வேண்டும், தானாகவே கழன்று விழ வேண்டும். ஈயத்துக்கு அச்சில் ஒட்டிக்கொள்ள இயற்கையாக ஒரு காரணமும் கிடையாது. அதே சுருக்கம் நடுவில் இருக்கிற கம்பி விஷயத்தில் தலைகீழ். சுவரைவிட்டு விலகுகிற ஈயம் உள்ளே இருக்கிற கம்பியை இறுக்கிப் பிடிக்கும். ஆக, குண்டு குழியில் ஒட்டினால் யாரோ அதை ஒட்டவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், கம்பி வரவில்லை என்றால் நேரம் தப்பிவிட்டது என்று அர்த்தம். இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்காமல் "அச்சு திறக்க மாட்டேங்குது" என்று ஒரே வார்த்தையில் சொன்னதால்தான் மாமா வீட்டில் எல்லாரும் சுத்தியலைத் தேடினார்கள்.

அவர்கள் வார்ப்பதைக் கையை வைக்காமல் உட்கார்ந்து பார்த்தேன். மாமா கரண்டியில் மொண்டு வாய்க்கால் வழிய வழிய ஊற்றினார். வழிந்தது பட்டைக்கு வெளியே இரண்டு பக்கமும் இறங்கி அங்கேயே இறுகியது. மாமா பையன் குறட்டால் ஸ்போக்ஸின் வளைந்த முனையைப் பிடித்து இழுத்தான், வரவில்லை. அச்சை வாளித் தண்ணீரில் முக்கினான். புஸ்ஸென்று ஆவி. மறுபடி இழுத்தான், கம்பி வளைந்துகொண்டு வந்தது. அப்புறம் கைப்பிடியை விரிக்கப் பார்த்தார்கள், வரவில்லை, பட்டை மேலேயே சுத்தியல். திறந்தது. மூன்று குண்டு ஒரு பாதியில், இரண்டு மறுபாதியில். அப்புறம் ஸ்க்ரூடிரைவர்.

முதலில் அந்தத் தண்ணீர் வாளியைத் தூக்கி அப்பால் வைக்கச் சொன்னேன். ஊசிமுளைத் துளைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் தங்கினாலும் போதும், அடுத்த முறை அதன் மேல் காய்ச்சின ஈயம் விழும்போது அது ஆவியாகி 1,700 மடங்கு பெருத்து ஈயத்தை மூஞ்சியில் வாரி இறைக்கும். மாமா பையன் முன்னங்கையில் மிளகு மிளகாகத் தழும்பு இருக்கிறது, அது எப்படி வந்தது என்று அவனுக்கே அப்போதுதான் புரிந்தது. இன்னொன்று, தண்ணீரில் முக்கினால் ஈயம் சட்டென்று ஆறி முழுச் சுருக்கமும் சுருங்கி கம்பியைக் கெட்டியாகப் பிடித்துவிடும். திறக்க உதவும் என்று செய்தது திறக்க விடாமல் செய்திருக்கிறது.

அடுத்து கம்பி. பழைய ஸ்போக்ஸ் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஒரு முனை எல் மாதிரி வளைந்து தலை வைத்தது, இன்னொரு முனையில், சக்கர வளையத்தோடு இறுக்குகிற நிப்பிள் ஏறும் மரை. சைக்கிள் கம்பியில் மரையை வெட்டி எடுப்பதில்லை, உருட்டி அழுத்தி எழுப்புகிறார்கள், அதனால் மரை இருக்கிற இடம் கம்பியைவிடக் கொஞ்சம் பருமன். 2 மில்லிமீட்டர் கம்பி என்றால் மரை 2.2 பக்கம் வரும். நகத்தை வைத்து இழுத்தாலே தெரியும், மரை ஆரம்பிக்கிற இடத்தில் நகம் ஏறி இறங்கும். இவர்கள் மரை முனையை உள்ளே விட்டு எல் முனையைப் பிடித்து உருவுகிறார்கள். அதாவது அந்தப் பருத்த மரை ஐந்து குண்டின் ஓட்டை வழியாகவும் ஈயத்தை உழுதுகொண்டே வர வேண்டும். எப்படி வரும்? போதாததற்குக் கம்பி மேல் துத்தநாகப் பூச்சு வேறு, ஈயத்தில் வெள்ளீயம் (டின்) கலந்திருந்தால் அந்தப் பூச்சில் நன்றாகப் பிடிக்கும்.

வெள்ளீயம் எங்கிருந்து வந்தது என்றால் அதற்கும் பதில் வீட்டிலேயே இருந்தது. கிருஷ்ணகிரியில் சென்னை, பெங்களூரு, சேலம் ரோடெல்லாம் கூடுகிற இடத்தைச் சுற்றி டயர் கடைகளுக்குப் பஞ்சமில்லை, அங்கிருந்து பழைய வீல் வெயிட், அதாவது சக்கரம் ஆடாமல் சுற்ற அதன் ஓரத்தில் மாட்டுகிற எடைத் துண்டுகள், மொத்தமாக வாங்கி வருவார்கள். அதோடு ரேடியேட்டர் கடையிலிருந்து பற்றவைத்து மிஞ்சின துண்டுகள். அந்தத் துண்டுகள் ஈயமும் வெள்ளீயமும் கலந்தவை, உலோகத்தில் ஒட்டுவதற்கென்றே இருக்கிற சரக்கு. அதுவும் இரும்பு சுத்தமாக, சூட்டில் அதன் மேல் படிகிற கறுப்புத் தோல் இல்லாமல் இருந்தால் பிரமாதமாக ஒட்டும். அச்சைத் திருப்பிப் பார்த்தால் நடுக் குழியின் அடியில் வெள்ளிக் காசு மாதிரி பளபளவென்று ஒரு திட்டு. "அச்சை எதுல கழுவுனீங்க மாமா?" என்று கேட்டேன். ஒட்டுது ஒட்டுது என்று யாரோ சொன்ன யோசனையில் பற்றவைப்புக்குப் போடுகிற ஆசிட்டை ஊற்றித் தேய்த்திருக்கிறார்கள். ஒட்டாமல் காப்பாற்றிக்கொண்டிருந்த கறுப்புத் தோலை உரித்துவிட்டு, ஒட்டுகிற சரக்கை அதில் ஊற்றினால் அது பற்றவைப்பேதான், வேறென்ன.

வீல் வெயிட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. இப்போது வருகிறவற்றில் துத்தநாகமும் இரும்பும் கலந்தே வருகிறது. துத்தநாகம் 419 டிகிரிக்கு மேல்தான் உருகும். அடுப்பை மிதமாக வைத்தால் உருகாமல் மேலே மிதக்கும், கரண்டியால் வழித்துப் போட்டுவிடலாம். இவர்கள் எல்லாம் உருகட்டும் என்று விறகைத் திணித்திருக்கிறார்கள், துத்தநாகமும் அதில் கலந்து ஈயம் கூழாகி குழியின் மூலைக்கு ஓடாமல் நிற்கிறது. ஈயத்தின் மேல்தோல் வழித்த உடனேயே மஞ்சளும் நீலமும் மயில்கழுத்து நிறமுமாக மாறினால் சூடு அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம், தெர்மாமீட்டர் இல்லாத வீட்டில் இது நல்ல அடையாளம்.

இதெல்லாம் சரி, ஆனால் முக்கியமான நோய் விளிம்பில் இருந்தது, அது கண்ணுக்குத் தெரியவில்லை. அத்தையிடம் கொஞ்சம் பஞ்சு வாங்கி, உருட்டி, குழியின் விளிம்பைச் சுற்றி மெதுவாக இழுத்தேன். நல்ல விளிம்பில் பஞ்சு வழுக்கிக்கொண்டு போகும். இங்கே அங்கங்கே நூல் நூலாக மாட்டியது. மாட்டின இடமெல்லாம் ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பின இடம், சுத்தியல் விழுந்த இடம். விளிம்பு இரும்பு மயிரிழை அளவு குழிக்குள் மடங்கி, குண்டின் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அடித்துத் திறந்ததால் பிசிறு, பிசிறால் ஒட்டல், ஒட்டுவதால் இன்னும் பலமான அடி. இந்தச் சுற்றில் அச்சு வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. வாங்கின புதிதில் நன்றாகத்தான் திறந்தது என்று மாமா சொன்னதை நான் நம்புகிறேன்.

ஊசிமுளைகளிலும் கோளாறுதான். ஒன்று தலை நசுங்கி நாய்க்குடை மாதிரி விரிந்திருந்தது. கீல் அச்சு என்பதால் பாதிகள் நேராகப் பிரியாது, வில் மாதிரி வளைந்துதான் பிரியும், முளை கொஞ்சம் இறுக்கமாக இருந்தாலும் கோணிக்கொண்டு துளையைக் கவ்வும். ஈயமே ஊற்றாமல் வெறும் அச்சைக் கவ்வித் திறந்து பார்க்கச் சொன்னேன், அப்போதும் மக்கர் பண்ணியது. இந்தச் சோதனையை யாரும் முதலில் செய்வதில்லை. காலி அச்சே திறக்கவில்லை என்றால் ஈயத்தைத் திட்டி என்ன பிரயோஜனம்.

செய்தது என்ன என்றால், பெரிய வைத்தியம் ஒன்றுமில்லை. முளைத் தலையை நுண் அரத்தால் உருட்டிவிட்டு, முனையைக் கொஞ்சம் கூம்பாக்கி, பென்சில் கரியைத் தேய்த்தோம். எண்ணெய் வேண்டாம் என்றேன், எண்ணெய் குழிக்குள் ஊர்ந்தால் குண்டு சுருக்கம் சுருக்கமாக வரும். விளிம்புப் பிசிறை எமரி பேப்பரை ஒரு மரக்குச்சியில் ஒட்டி, வெளிப்புறம் நோக்கி மட்டும், அளவாகத் தடவி எடுத்தோம். இதில் ஆசைப்படக் கூடாது. இரண்டு பாதியும் சேருகிற முகத்தைத் தேய்த்துவிட்டால் இடைவெளி விழுந்து அந்த வழியாக ஈயம் காகிதம் மாதிரி கசியும், அது இன்னொரு தலைவலி. அவ்வப்போது பஞ்சை இழுத்துப் பார்த்து, மாட்டாத இடத்தில் நிறுத்திவிட வேண்டும். பளபளத் திட்டை அச்சைச் சூடாக்கி மரக்குச்சியால் துடைத்தோம், முக்கால்வாசி வந்தது.

அப்புறம் புகை. சிம்னி விளக்கின் திரியை ஏற்றிவிட்டு, திறந்த பாதிகளை மேலே காட்டிக் குழி முழுக்க மெல்லிய கரி பிடிக்க வைத்தோம். கரி இருந்தால் ஈயமும் இரும்பும் நேராகத் தொடாது. தடியாகப் படியவிடக் கூடாது, உள்விவரம் மழுங்கும், கறுத்தால் போதும். கம்பியின் மரையை வெட்டி எறிந்து, முனையை உருட்டி, பூச்சை எமரியால் எடுத்து, அதையும் புகையில் காட்டினோம்.

இனி திறக்கும் முறை. ஊற்றுவதற்கு முன்னால் அச்சும் சூடாக இருக்க வேண்டும், அடுப்போரம் வைத்துக் காய விட வேண்டும். ஆறின அச்சில் முதல் ரெண்டு மூன்று வார்ப்பு மேலெல்லாம் சுருக்கம் விழுந்துதான் வரும், அதைத் திரும்பச் சட்டியில் போட்டுவிடலாம். வாய்க்காலில் வழியாமல் கொஞ்சம் மேடாக நிற்கிற அளவுக்கு மட்டும் ஊற்ற வேண்டும், அந்த மேடு குண்டு சுருங்கும்போது உள்ளே ஈயம் கொடுக்கும். கண் அந்த மேட்டின் மேல் இருக்க வேண்டும். முதலில் கண்ணாடி மாதிரி மின்னும், நடுவில் குழி விழும், அப்புறம் மினுக்கம் செத்து மங்கும். மங்கின பிறகு இரண்டு மூச்சு விடுகிற நேரம். அவசரப்பட்டால் குண்டு உள்ளே நொறுநொறுவென்று பிட்டுக்கொள்ளும்.

இப்போது திறக்காமல், கம்பியின் எல் முனையைக் குறட்டால் பிடித்து அரைச் சுற்றுச் சுற்ற வேண்டும். இழுக்க வேண்டாம். ஈயம் சூடாக, இன்னும் முழுசாக இறுக்கிப் பிடிக்காத நேரத்தில் சுற்றினால் "கிரிச்" என்று ஒரு சத்தத்தோடு பிடி விடும். அச்சு மூடியிருப்பதால் குண்டும் வளையாது, கம்பியும் வளையாது. அந்த எல் வளைவு கைப்பிடி மாதிரி இதற்கென்றே செய்துவைத்தது போல இருக்கிறது. பிடி விட்ட கம்பியை உள்ளேயே விட்டுவிட்டு, கைப்பிடியை முதலில் மயிரிழை அளவு மட்டும் விரித்து, முளை விடுபட்டதும் முழுசாகத் திறக்க வேண்டும். குண்டுகள் எந்தப் பாதியில் நின்றாலும் பரவாயில்லை, கம்பியின் இரண்டு முனையும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதைப் பிடித்துத் தூக்கினால் ஐந்தும் மாலையாக எழுந்து வரும். எங்கள் கம்பெனி அச்சில் வார்த்ததை வெளியே தள்ளிவிடுகிற எஜெக்டர் பின் செய்கிற வேலையை இங்கே ஸ்போக்ஸ் செய்கிறது. அப்புறம் காய்ந்த சாக்கின் மேல் வைத்துக் கம்பியை உருவிக்கொள்ளலாம்.

அப்படியும் பிடிவாதம் பிடித்தால் தட்டலாம், ஆனால் தட்டுகிற இடம் கீல் ஆணி மட்டும், அதுவும் மரக்கட்டையால். கைப்பிடியைக் கொஞ்சம் விரித்த நிலையில் கீலைத் தட்டினால் அதிர்வு இரண்டு பாதிக்கும் ஒரே மாதிரி போய்ச் சேரும், குண்டு உதிரும். பட்டையைத் தொடவே கூடாது. தோட்டா வார்க்கிறவர்கள் காலங்காலமாகச் செய்வது இதைத்தான்.

மாமா முதலில் நம்பவில்லை. கம்பியைச் சுற்றி, திறந்து, மாலையாகத் தூக்கினபோது "அட, இதுக்கா நான் தோள்பட்டைக்கு மாத்திரை போட்டேன்" என்றார். ஐந்தில் நான்கு குழி இப்போது சாதுவாக இருக்கின்றன. அந்த நடுக் குழி அடிக்கடி மக்கர் பண்ணுகிறது, ஆசிட் அரித்த பள்ளத்தில் ஈயம் இறங்கிக் கொக்கி போடுகிறது, அதற்குப் புகையை அடிக்கடி காட்டினால் ஓரளவு கேட்கிறது. ரேடியேட்டர் துண்டுகளை இனி சேர்ப்பதில்லை.

அடுப்பை இடம் மாற்றுவதில்தான் சண்டை வந்தது. சமையல் தாழ்வாரத்திலேயே ஈயம் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள், பேத்தி அங்கேயே தவழ்கிறாள். இந்தச் சூட்டில் ஈய ஆவி அதிகம் எழாது, அதைவிட மோசமானது மேலே வழித்துப் போடுகிற கசடு, அது மஞ்சளும் சாம்பலுமாகப் பொடிந்து தரையெல்லாம் பரவும், கை வழியாக வாய்க்குப் போகும். குழந்தைகள் உடம்பு பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு ஈயத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், இந்த அளவுக்குக் கீழே இருந்தால் ஆபத்தில்லை என்று சொல்லக்கூடிய அளவே ஈயத்துக்கு இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். "எங்க அம்மா ஈயச் சொம்புல ரசம் வெச்சாங்களே, யாருக்கு என்ன ஆச்சு?" என்று அத்தை மடக்கினார். அது வெள்ளீயம், அத்தை, இது காரீயம், இதில் ரசம் வைத்தால் புளியே ஈயத்தைக் கரைத்து எடுத்துவிடும் என்று சொல்லி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசியில் வேலிக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கூரை போட்டார்கள், மழைத் தண்ணீர் படாத இடம். கசடு மூடி போட்ட பெயின்ட் டப்பாவில், கரண்டிக்கும் சட்டிக்கும் சமையலறைக்குள் அனுமதியில்லை. கை கழுவாமல் பீடி பற்றவைப்பதை மட்டும் மாமா இன்னும் விடவில்லை.

இப்போது புது அச்சு ஒன்று செய்யப் போகிறார், அலுமினியத்தில். சீக்கிரம் சூடேறும், ஈயமும் வெள்ளீயமும் அதில் சாதாரணமாக ஒட்டாது. ஆனால் மெத்தென்ற உலோகம், ஒரே ஒரு ஸ்க்ரூடிரைவர் நெம்பலில் விளிம்பு போய்விடும். லேத் பட்டறைக்குச் சொல்ல வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன்: குழிச் சுவர் செங்குத்தாக வேண்டாம், ஒன்றிரண்டு டிகிரி சாய்வு விடவும்; முளை ஸ்டீலில், முனை கூம்பாக; கம்பிக்கான வாய்க்கால் இரண்டு பாதியிலும் சரிபாதி, ஒரு பாதியில் மட்டும் ஆழமாக வெட்டினால் குண்டு அந்தப் பக்கமே தங்கும்; கைப்பிடி இப்போதையதைவிட ஒரு சாண் நீளம். மாமா சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, ஐந்து குழிக்குப் பதில் எட்டு போட்டால் எவ்வளவு கேட்பான் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். எட்டு குழி நீளத்துக்கும் ஸ்போக்ஸ் எட்டும் என்று சொன்னேன்.